எதிர்ப்பக்கத்தில் யார்?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எவ்வளவு தூரம் போகலாம்?" என்பார்கள். ரவிக்கையின் கழுத்து எவ்வளவு இறங்கலாம், முந்தானை எவ்வளவு விலகலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. "இஞ்ச் டேப் கொண்டு வா, அளந்து சொல்கிறேன்" என்று பலரை விரட்டியிருக்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. விரட்ட ஆள் இல்லாததால் பதில் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் உடைகளையும் அவற்றை உடுத்திய பெண்களையும் படம் எடுத்தேன். கல்யாண ஆல்பத்தில் தொடங்கி, விளம்பரத்துக்குப் போய், கடைசியில் ஃபேஷன் புகைப்படப் புத்தகங்களில் வந்து நின்றேன். என் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வீட்டு முகவரிக்கே எழுதித் திட்டியவர்கள் உண்டு. திட்டட்டும். பார்ப்பவரைக் கொஞ்சமும் சீண்டாத ஃபேஷன் படம் ஜவுளிக்கடை விலைப்பட்டியல்தான். பெண்மை என்று சொன்னதும் ஆளுக்கொரு முழம் மல்லிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களும் எனக்கு ஆகாது. துணியைக் குறைத்தால் துணிச்சல் கூடிவிடும் என்று நினைக்கிறவர்களும் ஆகாது. எடுத்த படங்கள் எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. வெட்கப்படுவது இரண்டே இரண்டு பக்கங்களுக்காக. அவை அச்சாகவே இல்லை.

அதைச் சொல்வதற்கு முன் எதிர்ப்பக்கம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். புத்தகம் செய்கிறவருக்குப் படம் எடுப்பது பாதி வேலைதான். எந்தப் படத்துக்கு எதிரே எந்தப் படம் என்று முடிவு செய்வது மீதி. விரித்த புத்தகத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் வேறு ஊரில், வேறு நாளில் எடுத்தவையாக இருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரியாது. இரண்டையும் சேர்த்து அவரே ஒரு கதை கட்டிவிடுவார்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு வெள்ளாட்டுக் கிடா. என் முதல் புத்தகத்தில் கல்யாணப் பட்டு உடுத்திய பெண் ஒருத்தி வலப்பக்கம் திரும்பி ஏக்கத்தோடு பார்ப்பாள். எதிர்ப்பக்கத்தில், கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு மந்தையில் எடுத்த கிடா நிற்கும். இரண்டுமே நல்ல படங்கள் என்பதால் எதிரெதிரே வைத்தேன். வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தாடி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அரங்கமே சிரித்தது. நான் மேடையில் கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தேன்.

அன்றே பாடம் கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் ஆட்டை வைக்கக் கூடாது என்பதை மட்டும்தான் கற்றிருந்தேன்.

பல வருடம் கழித்து, சென்னையில் ஓர் ஆடை நிறுவனம் தங்கள் கைத்தறிப் புடவைகளை வைத்து ஒரு புத்தகம் கேட்டது. நிறுவனத்தை நடத்திய அம்மாள் கெட்டிக்காரர். "அழகா வேண்டாம், துணிச்சலா வேணும்" என்றார். இடத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. எல்லோரும் அருவியும் பச்சை வயலும் எதிர்பார்த்தார்கள். நான் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்தேன். பிறந்த ஊர்ப் பாசம் என்று என்னைக் கேலி செய்தார்கள். பாசமெல்லாம் இல்லை. கரிசல் மண்ணுக்கு முன்னால் எந்த நிறமும் எடுபடும். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், சிவப்பு கண்ணைப் பறிக்கும். இதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்குத் தெரியாது.

மாசி மாதம். பருத்தி வெடித்திருந்தது, மண்ணும் வெடித்திருந்தது. மும்பையிலிருந்து வந்த மாடல் பெண் தொழில் தெரிந்தவள். அந்த வெயிலில் பட்டைச் சுற்றிக்கொண்டு முகம் சுளிக்காமல் நின்றாள். ஆனாலும் முதல் நாள் எடுத்த படங்களில் உயிர் இல்லை. நல்ல புடவை, நல்ல முகம், நல்ல மண், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பக்கத்துப் பருத்திக் காட்டுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பதினெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு ஆண்பிள்ளைச் சட்டையை எடுத்து, புடவைக்கு மேலேயே மாட்டி, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பருத்திக்குள் இறங்கினார்கள். கோடு போட்ட சட்டை, கட்டம் போட்ட சட்டை, பள்ளிக்கூடத்துச் சட்டைகூட ஒன்று. சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்த காட்சிதான். தினமும் பார்த்ததால் ஒரு நாள்கூட நின்று கவனித்ததில்லை. அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறைக்குள் உட்கார்ந்து எந்த வடிவமைப்பாளரும் யோசிக்க முடியாத உடை அது.

அந்தப் பெண்களை வேலைக்குத் திரட்டிக்கொண்டு வந்தவர் வேலுத்தாய். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். பத்து வருடம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு, பிறகு காட்டு வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போக ஆரம்பித்தவர். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் போய், எங்கள் மாடலுக்கும் ஒரு சட்டை மாட்டி உங்களோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்றதும், வேலுத்தாய் திரும்பி, "ஏட்டி, அந்தப் பொண்ணுக்கு ஒரு சட்டை குடுங்கட்டி" என்று குரல் கொடுத்தார். சட்டை வந்தது. எங்கள் மாடல் அதைப் பட்டுப் புடவைக்கு மேல் மாட்டி, பொத்தான் போடாமல் காற்றில் பறக்க விட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதென்னக்கா, காத்தாடப் போட்டிருக்கு? பொத்தானை மாட்டச் சொல்லுங்க. செடி கையி கழுத்தெல்லாம் கீறிரும். அதுக்குத்தான சட்டையே."

"இவ பருத்தி எடுக்கப் போறதில்ல, வேலுத்தாயி."

"பின்ன எதுக்குப் பருத்திக் காட்டுல நிக்கா?"

மாடல் பெண் என்ன பேச்சு என்று கேட்டாள், சொன்னேன். அவள் பொத்தானை மாட்டிக்கொண்டு செடிக்குள் போய், வேலுத்தாய் காட்டிக் கொடுத்தபடி பருத்தியைக் கிள்ளி மடியில் கட்ட ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் முகத்தில் ஒரு மும்முரம் வந்துவிட்டது. புத்தகம் அங்கிருந்துதான் தொடங்கியது.

மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து பெண்கள் ஆட்டோப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. சாயங்காலம் அடுத்த காட்டு ஆட்களைப் பார்த்தால், "சட்டையக் கழத்தியாச்சா?" என்பார்கள். வேலை முடிந்ததா என்று அர்த்தம். சட்டையோடு ஊருக்குள் யாரும் போக மாட்டார்கள். ஆட்டோவில் ஏறும் முன் கழற்றி, உதறி, சுருட்டிக்கொண்டால் அன்றைய பாடு முடிந்தது.

வேலுத்தாய் கழற்றும்போது நான் எதிரே இருந்தேன். பொத்தான்களை ஒரு கையால் விடுவித்து, ஒரு தோளிலிருந்து சட்டையை இறக்கி, அப்படியே நின்று என் லென்சைப் பார்த்தார். நாள் முழுக்கச் சட்டைக்குள் இருந்த கிளிப்பச்சை நைலக்ஸ் புடவை கசங்காமல் வெளியே வந்தது. வேர்வையில் கழுத்து மின்னியது. உதட்டோரம் ஒரு பாதிச் சிரிப்பு. அப்படி ஒரு தெனாவட்டை நான் எந்த மாடலிடமும் வாங்கியதில்லை. கேமராத் திரையில் காட்டினேன். "போட்டுக்கோங்கக்கா, நல்லாத்தான இருக்கு" என்றார். படத்தைப் புத்தகத்தில் போடச் சம்மதம் என்று காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

சென்னையில் பக்கங்களை அடுக்க உட்கார்ந்தோம். வடிவமைப்பாளர் கூர்மையான கண் உள்ளவர். வேறொரு நாள் எட்டயபுரம் பக்கத்தில் எடுத்த ஆண் மாடலின் படம் ஒன்று இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, டிராக்டரில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி வலப்பக்கம் பார்ப்பான். அதை இடப்பக்கம் வைத்தார். வலப்பக்கம் சட்டையைக் கழற்றும் வேலுத்தாய். எல்லோரும் ஆகா என்றார்கள். இல்லை, என்றார்கள் என்று எழுதக் கூடாது. ஆகா என்றோம். நானும்தான்.

நிறுவனத்து அம்மாள், "இதுதான் புத்தகம். அட்டையே இதுதான்" என்றார். முன்னட்டையில் வேலுத்தாய், பின்னட்டையில் டிராக்டர்காரன், உள்ளே இருவரும் எதிரெதிரே. நான்கு நாளில் அச்சுக்குப் போக வேண்டும். வேலுத்தாய் கையெழுத்துப் போட்ட காகிதம் உள்பக்கத்துக்கு மட்டும்தான் செல்லும், அட்டைக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "நானே போய் வாங்கிட்டு வாரேன்" என்று ரயில் ஏறினேன். கையில் மாதிரிப் பிரதி. அச்சுக்கு முன் ஒட்டிக் கட்டிப் பார்ப்பதை நாங்கள் டம்மி என்போம்.

கோவில்பட்டியில் இறங்கி, ஒரு காரை வைத்துக்கொண்டு கடம்பூர் போய்ப் போளி வாங்கி, அங்கிருந்து வேலுத்தாயின் ஊருக்குப் போனேன். காலைப் பத்து மணி. போளி வாங்க அவ்வளவு தூரம் சுற்றியதே என் மனசுக்குள் எங்கோ ஒரு உறுத்தல் இருந்ததைக் காட்டுகிறது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. அட்டைப்படம் என்றால் சந்தோஷப்படுவார், கையெழுத்தை வாங்கிக்கொண்டு மதிய ரயிலுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

வேலுத்தாய் கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார். பொத்தான் போட்ட சட்டையில் எங்கள் மாடலைப் பார்த்ததும், "பரவாயில்லையே, புள்ள படிச்சுக்கிட்டாளே" என்றார். தன் கூட்டத்துப் பெண்கள் வந்த பக்கங்களில் பெயர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் அந்த இரண்டு பக்கங்கள் வந்தன. சிரிப்பு நின்றது.

"இவரு யாருக்கா?"

"மாடல். பட்டணத்துப் பையன்."

"அன்னைக்கு நம்ம காட்டுல இருந்தாரா?"

"இல்ல. அது வேற நாள், எட்டயபுரம் பக்கம் எடுத்தது."

"பின்ன நான் சட்டையக் கழத்துதத இவரு எப்படிப் பாத்துக்கிட்டு நிக்காரு?"

எனக்குத் தொழில் பாஷைதான் வாயில் வந்தது. "அது ஒரு கதை மாதிரி, வேலுத்தாயி. ரெண்டு பக்கமும் சேந்து ஒரு கதை சொல்லும்."

"யாரு கதை?"

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க இந்த ஊர்க்காரவியதான? சட்டையக் கழத்தியாச்சுன்னா எங்களுக்கு என்ன அர்த்தம்?"

"வேலை முடிஞ்சுதுன்னு."

"ம். நீங்க இங்கன வேலை ஆரம்பிக்குத மாதிரில்லா போட்டிருக்கீங்க."

அந்தச் சொல் என்னைச் செருப்பால் அடித்தது. அறையில் ஆகா என்று சொன்ன எவருக்கும், என்னையும் சேர்த்து, இது தோன்றவில்லை. மற்றவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களை விடுங்கள். அந்த மூன்று நாளும் "சட்டையக் கழத்தியாச்சா" என்று காதால் கேட்டவள் நான். படத்தைப் பார்த்ததும் கேட்டதெல்லாம் மறந்து, ஒரு பெண் உடையைக் களைகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருக்கிறது. களைகிறாள் என்றால் யாரோ ஒருவனுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று, அந்த யாரோ ஒருவனை எட்டயபுரத்திலிருந்து கூட்டி வந்து நிறுத்தியும் விட்டோம். இதைவிடப் பழைய கதை ஒன்று உலகத்தில் உண்டா? இதற்குத்தான் துணிச்சல் என்று பெயர் வைத்திருந்தோம்.

வேலுத்தாய் கோபப்பட்டுக் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார். "பதினெட்டு வீட்டு ஆம்பளைக எங்கூடன்னா யோசிக்காம பொம்பளைகள அனுப்புதாவ. வேலுத்தாயி இருக்கா, பாத்துக்கிடுவான்னு. இது வெளிய வந்தா என்ன கேப்பாவ தெரியுமா? காட்டுல இவ யாருக்குச் சட்டையக் கழத்துதான்னு கேப்பாவ. ஒரு வீட்டுல கேட்டாப் போதும். அடுத்த நாளு ஆட்டோவுல நான் மட்டுந்தான் போகணும்."

மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். வருடக்கணக்கில் கட்டிய பெயர் ஒரு பக்கத்தைத் திருப்பும் நேரத்தில் போய்விடும். நான் உடனே பெருந்தன்மை காட்டினேன். "மன்னிச்சிரு தாயி. அந்தப் படத்தையே எடுத்துருதேன். புத்தகத்துலயே இருக்காது."

அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"எதுக்கு எடுக்கணும்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? நல்லா இருக்கேன்லா இதுல? ஆதார் கார்டைத் தவிர எம்மூஞ்சி எங்கனயாவது வந்திருக்கா? எடுக்குததுன்னா அந்தாள எடுங்க!"

இதை நீங்கள் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சங்கடம் வந்தால் பெண்ணின் படத்தைத் தூக்கிவிடுவதுதான் நம் கைக்குப் பழகிய வேலை. தூக்கிவிட்டு, அவளைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமையும் பட்டுக்கொள்வோம். வேலுத்தாய் தன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. தன் பக்கத்தைத் தனக்கே விடச் சொன்னார்.

"சரி, அந்தாளை எடுத்துருதேன். அந்த எடத்துல என்ன வைக்க?" என்று கேட்டேன்.

"நான் எதப் பாத்தேனோ அத வைங்க."

"எதப் பாத்த?"

அவர் முகத்தில் படத்தில் இருந்த அதே பாதிச் சிரிப்பு வந்தது. "உங்களத்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வேலுத்தாய் உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்து, தேடி, என் முன்னால் நீட்டினார். கூட்டத்துப் பெண் ஒருத்தி ஆட்டோவிலிருந்து எடுத்த படம். கரிசல் வெடிப்பில் இடது செருப்பு மாட்டிக்கொண்டு கழன்று நிற்க, ஒரு குண்டு அம்மாள் வெறுங்காலோடு குத்தவைத்து, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, கேமராவை மூஞ்சியில் அப்பிக்கொண்டு, பல்லுக்கு நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நான்தான்.

"நாக்கத் துருத்திக்கிட்டு நீங்க குத்தவச்சிருந்த சீரைப் பாத்து எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டு நிக்கேன். அதத்தான் நீங்க புடிச்சிருக்கீங்க."

சென்னையில் ஓர் அறை முழுக்க நாங்கள் தாபம் என்றும் அழைப்பு என்றும் பேர் வைத்த சிரிப்பு அது. என் படம் ஒரு மாதமாக அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவர்களை எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை எடுத்து, பார்த்து, சிரித்து முடித்துவிட்டார்கள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். போளிப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தோம்.

பிறகு அவர் வீட்டு வாசலில் நின்றே சென்னைக்கு ஃபோன் போட்டேன். வேலுத்தாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நிறுவனத்து அம்மாள் பொறுமையாகத்தான் தொடங்கினார்.

"உள்பக்கத்துக்குக் கையெழுத்து இருக்கே, அக்கா. அப்புறம் என்ன?"

"அவங்க படத்துக்கு இருக்கு. அந்த ஆளோட சேத்து வைக்க இல்ல."

"அதெல்லாம் யாரும் பிரிச்சுக் கேக்க மாட்டாங்க."

"இவங்க கேட்டாங்க."

வடிவமைப்பாளர் ஃபோனை வாங்கினார். நல்ல மனிதர், வழி தேடினார். எதிர்ப்பக்கத்தை வெள்ளையாக விட்டுவிடலாம், கௌரவமாக இருக்கும் என்றார். ஒரு நிமிடம் எனக்கும் அது சரியாகப் பட்டது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, அச்சும் தள்ளிப்போகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வெறும் பக்கம் என்றால் புத்தகத்தைப் பிடித்திருக்கும் எவன் வேண்டுமானாலும் அதில் வந்து நின்றுகொள்ளலாம். டிராக்டர்காரனாவது ஒருத்தன். "வெள்ளை வேண்டாம். ஒரு படம் அனுப்புறேன், அதை வை" என்று சொல்லி, நாக்கை நீட்டிய என் படத்தை அங்கிருந்தே அனுப்பினேன்.

ஐந்து நிமிடம் பதில் இல்லை. வேலுத்தாய், "என்ன சொல்லுதாவ?" என்றார். "முழிக்குதாவ" என்றேன்.

அப்புறம் அம்மாள் கூப்பிட்டார். குரலில் குளிர் ஏறியிருந்தது. இது ஃபேஷன் புத்தகம், நகைச்சுவைத் துணுக்கு இல்லை என்றார். கவர்ச்சி எங்கே போயிற்று என்றார். படம் அச்சுக்குத் தாங்காது என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. பல கை மாறி, ஓரம் வெட்டுப்பட்டு வந்த படம் அது. நான் சொன்னேன்: "கவர்ச்சி அவங்க மூஞ்சியில இருக்கு, போகல. அவங்க யாரைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு இப்பத்தான் தெரியப் போகுது. இதை வைக்காட்டி ரெண்டு பக்கத்தையும் நானே கிழிச்சு எடுத்துட்டு வரேன். அட்டைக்கு வேற ஆளைப் பாருங்க. இந்த ஊர்ல நான் பேனாவையே திறக்கல, அட்டைக்குக் கையெழுத்துக் கேக்கவும் மாட்டேன்."

அட்டை போயிற்று. அதை மறைக்க மாட்டேன். முன்னட்டையில் எங்கள் மும்பைப் பெண் வந்தாள், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டையில். அவளும் அதற்குத் தகுதியானவள்தான். உள்ளே வேலுத்தாய் முழுப்பக்கம் வந்தார். எதிர்ப்பக்கத்தில் நான். என் படத்தைத் தீப்பெட்டி அளவுக்கு மேல் பெரிதாக்கினால் கலங்கியது. அதனால் பக்கத்தின் நடுவில் தீப்பெட்டி அளவிலேயே போட்டோம். எடுத்த பெண்ணின் பெயரை அடியில் போட்டோம். நிறுவனத்து அம்மாள் அதற்கப்புறம் என்னை எந்தப் புத்தகத்துக்கும் கூப்பிடவில்லை. வருத்தம் இருந்தது, இல்லாமலா? அவரோடு வேலை செய்வது எனக்குப் பிடிக்கும்.

புத்தகம் வந்த பிறகு பேசப்பட்டது மாற்றி வைத்த அந்த இரண்டு பக்கங்கள்தான். என் வீட்டு முகவரிக்கு வழக்கம்போல் திட்டும் வந்தது. ஒருவர், அந்தப் பெண் தன்னைப் பார்த்து ஏளனமாகச் சிரிப்பதாக எழுதியிருந்தார். அத்தனை புத்தகத்தில் வேறு எந்தப் படமும் ஒரு ஆணை இவ்வளவு தூரம் சீண்டியதில்லை. ஒரு அங்குலத் துணிகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரதிகளை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். லாரி ஓட்டுகிற கணவர் அன்று வீட்டில் இருந்தார். பக்கத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக்குப் பார்வை போனது. என்னை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சட்டை நம்ம சட்டைல்லா?" என்றார். அவ்வளவுதான். தெருவில் அதற்கப்புறம் புத்தகத்தைக் காட்டியவர் அவர்தான், சட்டையைக் காட்டுகிற சாக்கில். அடுத்த வருடம் ஆட்டோவில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டீர்கள். போங்கள், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். படத்தில் இருக்கிறவர் அந்த நேரத்தில் யாரைப் பார்த்தார் என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள். அவர் போடும் கையெழுத்து படத்துக்கு மட்டும்தான். கதைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். டம்மியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகக் கால் வலிக்கிறது என்றால் ஜவுளிக்கடை விலைப்பட்டியல் எடுங்கள், அதிலும் நல்ல பிழைப்பு இருக்கிறது.

போன மாதம் கேமராக்களையெல்லாம் கொடுத்து முடித்த அன்று வேலுத்தாய்க்கு ஃபோன் போட்டேன். மாலை ஐந்து மணி இருக்கும், காட்டில் இருந்தார். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது.

"இனிமே படம் எடுக்கப் போறதில்ல, வேலுத்தாயி. முடிச்சாச்சு."

"அப்படியா? சட்டையக் கழத்தியாச்சாக்கா?"

"கழத்தியாச்சு."

வேலுத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு பாத்துக்கிட்டு நின்னாவ?"